கோடியக்கரையில் ஆமைத் தடம் தேடி

பிப்ரவரி 19, வியாழன்: கும்பகோணம் முதல் கோடியக்கரை வரை

அண்ணன் மகள் விலங்கியல் படிக்கிறாள். அவள் கல்லூரியின் சுற்றுச்சூழல் மன்றத்திலிருந்து பன்னிரண்டு பேர் கோடியக்கரைக்குத் தன்னார்வலர்களாகப் போவதாக ஏற்பாடு. வனத்துறையின் ஆமை முட்டைப் பொரிப்பகத்தில் உதவி, ராத்திரியில் கடற்கரையில் ஆமைத் தடம் தேடும் நடை, இடையில் பறவைகளைக் கணக்கெடுக்கப் பயிற்சி. கூட வரவேண்டிய பேராசிரியைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள், துணைக்கு ஒரு பெண்மணி இல்லாமல் அனுப்ப முடியாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். "அத்தை, நீங்க வாங்களேன். சும்மா கூட இருந்தா போதும், ஒரு வேலையும் இருக்காது" என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பித்தான் கிளம்பினேன்.

நீடாமங்கலம், மன்னார்குடி வழியாக வேன் போயிற்று. சம்பா அறுவடை முடிந்த சமயம். சாலையில் பாதியை நெல் காயப்போட எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் தம்பி நெல்லின் மேல் சக்கரம் ஏறாமல் ஒதுக்கி ஒதுக்கி ஓட்டியதிலேயே விவசாய வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிட்டது. கொள்முதல் நிலைய வாசல்களில் மூட்டைகள் தார்ப்பாய்க்கு அடியில் காத்துக் கிடந்தன. அறுத்த தாளுக்கு இடையே உளுந்து பச்சை பிடித்திருந்தது. திருத்துறைப்பூண்டியில் டீ 12 ரூபாய், வடை 8 ரூபாய். வடை நன்றாக இருந்தது, டீ சுமார்.

வேதாரண்யத்தில் மதியச் சாப்பாடு. ஒரு சின்னக் கடை, சமையலும் பரிமாறலும் ஒரே அம்மா. காலா மீன் குழம்போடு சாப்பாடு 130 ரூபாய். பையன்கள் நாலாவது முறை சோறு கேட்டபோதும் முகம் சுளிக்கவில்லை, "வயசுப் புள்ளைங்க, வெக்கப்படாம கேளுங்க" என்று குழம்புச் சட்டியையே கொண்டுவந்து வைத்துவிட்டார். எங்களில் ஒருவன் சைவம். அவனுக்கென்று தனியாக அப்பளம் பொரித்து, ரசமும் மோரும் ஊற்றி, காசு வாங்கும்போது 60 ரூபாயைக் குறைத்துக்கொண்டார். 'வேதாரண்யம் விளக்கழகு' என்பார்கள். அதைப் பார்க்க நேரமில்லை. வேனிலிருந்தபடியே கோபுரத்துக்கு ஒரு கும்பிடு.

அகஸ்தியம்பள்ளியில் சாலையின் இரு பக்கமும் உப்பளம். 1930 ஏப்ரல் 30ஆம் தேதி ராஜாஜி தலைமையில் வந்தவர்கள் உப்பு அள்ளிச் சட்டத்தை மீறியது இந்தப் பக்கத்தில்தான். திருச்சியிலிருந்து இரண்டு வாரத்துக்கு மேல் நடந்தே வந்திருக்கிறார்கள். நினைவுத் தூணின் முன்னால் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டார்கள். கொஞ்சம் தள்ளி, மழைக்காலத்தில் சிதைந்த பாத்திகளை ஆணும் பெண்ணுமாகச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் எங்களையும் பார்க்கவில்லை, தூணையும் பார்க்கவில்லை. அந்த வெயிலில் நானாக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.

கோடியக்காடு சோதனைச் சாவடியில் பெயர்ப் பட்டியல், அனுமதிக் கடிதம், பிளாஸ்டிக் பை சோதனை. அதைத் தாண்டினால் காடு. மலைக்காட்டை நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம்தான். உயரமில்லாத, கிளை நெருங்கிய, எப்போதும் பச்சையாக இருக்கும் மரங்கள். பாலை மரம்தான் அதிகம். சில மரங்கள் ஒரே திசையில் சாய்ந்தபடி தழைத்திருந்தன. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது இந்த வட்டாரத்தில்தான். அன்று மான்களும் குதிரைகளும் செத்துக் கரையொதுங்கியதை எங்களுக்கு வழிகாட்டியாக வந்த காவலர் சொன்னார். வேட்டைத் தடுப்புக் காவலர்; கோடியக்காட்டுக்காரர்; ஐம்பது வயதிருக்கும். பிள்ளைகள் முதல் நாளே 'அண்ணன்' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

தங்க ஒரு கூடம், படுக்கப் பாய், குளிக்க உப்புத் தண்ணீர். குடிக்கத் தண்ணீர் கேன் 40 ரூபாய். சாமான்களை இறக்கிய ஐந்தாவது நிமிடத்தில் குரங்கு ஒன்று திறந்திருந்த ஜன்னல் வழியாக ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பிஸ்கட் போனது பரவாயில்லை. அதே பையில்தான் ராத்திரி டார்ச்சில் சுற்றுவதற்கான சிவப்புக் கண்ணாடித்தாள் இருந்தது. வெள்ளை வெளிச்சம் பட்டால் கரையேற வந்த ஆமை திரும்பிவிடும் என்பதால் சிவப்பு வெளிச்சம்தான் அனுமதி. கடைசியில் ஒரு பெண் தன் சிவப்புத் துப்பட்டாவைக் கத்தரிக்கோலிடம் ஒப்படைத்தாள். பத்து டார்ச்சுக்குப் போதுமாக இருந்தது.

பிப்ரவரி 20, வெள்ளி: தடம், பதிவேடு, உள்ளான்

நடை தொடங்கியது நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு. பிறை எப்போதோ மறைந்துவிட்டது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள்; மச்சே இல்லாத கடற்கரையில் அது நேராகத் தலையில் இறங்கியது. பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, போன் எடுக்கக்கூடாது. அண்ணன் முன்னால் ஒரு கம்போடு நடக்க, ஈர மணலும் காய்ந்த மணலும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டே நாங்கள் பின்னால்.

இங்கே முட்டையிட வருவது ஆலிவ் ரிட்லி. பங்குனி ஆமை என்றும் சொல்வார்கள். ஒடிசாவின் கஹிர்மாதாவிலும் ருஷிகுல்யாவிலும் ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கில் கரையேறுவது இதே ஆமைதான். நம் கரையில் அப்படி இல்லை, இரவுக்கு ஒன்றோ இரண்டோ, பல இரவு ஒன்றுமே இல்லை. அதனால்தான் நடக்க வேண்டியிருக்கிறது. நாம் கண்டுபிடிக்கத் தவறினால் நரியும் நாயும் கண்டுபிடித்துவிடும்.

இரண்டு மணி நேரம் கழித்து அண்ணன் கையைத் தூக்கி நிறுத்தினார். கடலிலிருந்து ஒரு தடம் ஏறி வந்திருந்தது. நடுவில் வயிறு இழுபட்ட பட்டை, இரு பக்கமும் துடுப்புக் கால்கள் மாறி மாறி மணலைத் தள்ளிய குழிகள். பிள்ளைகளின் மூச்சே மாறிவிட்டது. தடத்தோடு மேலே போனால் அது ஒரு வளைவு வளைந்து, எங்கும் நிற்காமல், மறுபடி கடலுக்கே இறங்கியிருந்தது. "வந்துட்டுப் போயிருக்கு. எடம் புடிக்கல" என்றார் அண்ணன். நேரம், இடம், 'முட்டை இல்லை' என்று நோட்டில் எழுதினார். முட்டை இல்லாததையும் எழுதவேண்டுமா என்று உயரமான பையன் கேட்டான். "இல்லைங்கிறதும் கணக்குதான் தம்பி."

அறைக்குத் திரும்பும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. கால் ஆடுதசை இரண்டும் இறுகிக் கட்டியாகிவிட்டன. காய்ந்த மணலில் நடப்பதைப் பற்றி யாராவது என்னிடம் முன்பே சொல்லியிருக்கலாம்.

காலை பத்து மணிக்குப் பொரிப்பகம். பெயரைக் கேட்டு ஏதோ கட்டடம் என்று நினைத்திருந்தேன். கம்பிவலை வேலி போட்ட ஒரு துண்டு மணல்வெளி, மேலே நிழல்வலை, அவ்வளவுதான். உள்ளே வரிசை வரிசையாகக் குழிகள்; ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு சின்னப் பலகை. முட்டை எடுத்த தேதி, இடம், எண்ணிக்கை. ஒரு குழிக்கும் அடுத்ததுக்கும் நடுவே நடக்க வழி. பொரிக்கும் நாள் நெருங்கிய குழிகள் மேல் கூடை கவிழ்த்திருந்தது, குஞ்சுகள் வெளியே வந்தால் சிதறிவிடாமல் இருக்க.

பிள்ளைகளுக்கு வேலை பிரிக்கப்பட்டது. வேலிக்கு அடியில் நண்டு பறித்த வளைகளை அடைப்பது, விழுந்த சவுக்குச் சருகை அள்ளுவது, மணலின் வெப்பத்தைக் குறிப்பது. இந்த வெப்பம் முக்கியம். முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29, 30 டிகிரியை ஒட்டி எல்லை, அதற்கு மேலே போனால் பெண், கீழே இருந்தால் ஆண். நிழல்வலை எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. பூமி இப்படியே சூடாகிக்கொண்டு போனால் வருவதெல்லாம் பெண்ணாகவே இருக்கும் என்று ஒரு பெண் சொல்ல, "அப்ப நிர்வாகம் ஒழுங்கா நடக்கும்" என்றாள் என் அண்ணன் மகள். வனத்துறை அலுவலரான வனவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

என்னை ஒரு நிழலில் உட்கார வைத்து, பதிவேட்டையும் கொடுத்துவிட்டார்கள். "எங்க அத்தை கம்பெனில கணக்கு பாக்குறவங்க" என்று யார் போட்டுக்கொடுத்தது என்று சொல்லத் தேவையில்லை. பல கையெழுத்துகளில் இருந்த இரவு நோட்டுகளைப் பார்த்து ஒரே பதிவேட்டில் ஏற்றவேண்டும். பத்து வரி எழுதுவதற்குள் எனக்கு இந்த வேலை பிடித்துவிட்டது. ஒரு வரி ஒரு கூடு. எந்த ராத்திரி, எந்தக் கரை, எத்தனை மணிக்கு எடுத்தார்கள், எத்தனை மணிக்குப் புதைத்தார்கள். அந்த இரண்டு மணிகளுக்கும் இடைவெளி குறைவாக இருக்கவேண்டும். முட்டை இட்டுச் சில மணி நேரத்துக்குள் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது, அதற்குப் பிறகு முட்டையை உருட்டினாலோ திருப்பினாலோ கரு செத்துவிடும். இரண்டு இடங்களில் 'எடுத்த நேரம்' காலியாக இருந்தது. வனவரிடம் சொன்னேன். "அது ஒரு காலேஜ் குரூப்பு வந்தப்ப எழுதுனது மேடம்" என்று தலையைச் சொறிந்தார். அன்றிலிருந்து எங்கள் பிள்ளைகளுக்கு நான் வைத்த ஒரே சட்டம்: கடிகாரத்தைப் பார்க்காமல் முட்டையைத் தொடாதே.

மாலை சிறுதலைக்காட்டுப் பக்கம் பறவைக் கணக்குப் பயிற்சி. கடலின் ஓரமாக முடிவே தெரியாமல் கிடக்கும் ஆழமில்லாத சதுப்பு. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2002இல் சேர்ந்த ஈரநிலம் இது. தூரத்தில் வெளிறிய ஒரு கோடு தெரிந்தது. தொலைநோக்கி வழியே பார்த்தால் பூநாரைகள், தலையைத் தண்ணீருக்குள் தலைகீழாக விட்டு வடிகட்டிக்கொண்டிருந்தன. இவற்றை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து கண்ணுக்கு எவ்வளவு அகலமென்று மனதில் பிடித்து, பிறகு ஐம்பது, அதையே கூட்டத்தின் மேல் வைத்து வைத்து நகர்த்தவேண்டும். பன்னிரண்டு பேரும் எண்ணினார்கள். ஒருவன் 280, ஒருத்தி 450. மறுபடி எண்ணச் சொன்னார்கள். மூன்றாவது முறையில் எல்லோரும் 350ஐ ஒட்டி வந்து சேர்ந்தார்கள்.

பூநாரையைவிட என்னைக் கட்டிப்போட்டது கொசு உள்ளான். கைப்பிடிக்குள் அடங்கும் பறவை, எடை இருபது முப்பது கிராம்தான் இருக்குமாம். சேற்றை ஓடி ஓடிக் கொத்துகிறது, ஒரு நொடி நிற்பதில்லை. இது குஞ்சு பொரிப்பது சைபீரியாவின் வடகோடியில். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்குக் காலில் வளையம் போட்டு, எங்கிருந்து வருகின்றன எங்கே போகின்றன என்று பார்த்து வருகிறார்கள். பறவையியலாளர் சாலிம் அலியே இங்கே வந்து வேலை செய்திருக்கிறார். அவ்வளவு தூரம் பறந்து வந்தது, நம்மூர் சேற்றில் இப்படி அவதி அவதியாகச் சாப்பிடுவதைப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது.

திரும்பும் வழியில் மீனவர் கொட்டகைகள். ஐப்பசி வாக்கில் வந்து பங்குனி வரை தங்கி மீன் பிடிக்கும் வெளியூர்க் குடும்பங்கள் கோடியக்கரையில் நிறைய. வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களை உட்காரச் சொல்லி, பேத்தியிடம் கறுப்புக் காப்பி போடச் சொன்னார். பிள்ளைகள் போட்டிருந்த ஆமைப் படம் அச்சிட்ட சட்டையைப் பார்த்துவிட்டு, அவராகவே ஆரம்பித்தார்.

"ஆமை எங்க வலையில மாட்டுனா எங்களுக்குத்தானம்மா நட்டம். வலையை அறுத்துத்தான் விடணும். அறுத்து விட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். செத்து ஒதுங்குனா மட்டும் மீனவன் கொன்னுட்டான்னு எழுதுறீங்க. எந்த மீனவன், எந்த வலைன்னு எழுத மாட்டேங்கிறீங்க."

அவர் சொன்னதில் உள்ள வித்தியாசம் எனக்கு அதுவரை தெரியாது. ஆமை கடலில் வாழ்ந்தாலும் நுரையீரல் உள்ள பிராணி, மூச்சுக்கு மேலே வந்தாகவேண்டும். சின்னப் படகின் வலையில் சிக்கினால் சீக்கிரம் பார்த்து விட்டுவிட வாய்ப்பு உண்டு. விசைப்படகின் இழுவலை மணிக்கணக்கில் அடியிலேயே இழுபடும், உள்ளே மாட்டியது மூச்சு முட்டிச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக்கூடாது என்பது விதி. ஆமை மட்டும் வெளியேற வழிவிடும் கம்பிச் சட்டத்தை வலையில் பொருத்தச் சொல்கிறார்கள். அந்த வழியாக மீனும் போய்விடும் என்பது படகுக்காரர்களின் கவலை. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை. ஆமைகள் கரையோரம் கூடுவதோ தையிலும் மாசியிலும். "நாங்க படகை ஏத்தி வைக்கிற நேரத்துல ஆமை போயே போயிரும்" என்று பெரியவர் சிரித்தார். காப்பிக்குக் காசு கொடுக்கப் போனேன், "கடல்கரைக்கு வந்தவங்ககிட்ட காசு வாங்குனா நல்லாருக்காது" என்று மறுத்துவிட்டார்.

பிப்ரவரி 21, சனி: கூடு ஒன்று, ஆமை ஒன்று

இன்று ராத்திரி தடம் கிடைத்தது, கூடும் கிடைத்தது. ஏறிய தடமும் இறங்கிய தடமும் இருக்க, நடுவே மணல் கிளறிக் கிடந்தது. ஆமை எங்களுக்கு முன்பே போய்விட்டிருந்தது. இறங்கிய தடத்தின் கடைசி முழத்தை அலை அப்போதுதான் அழித்துக்கொண்டிருந்தது.

எந்த இடத்தில் முட்டை என்று வெளியே தெரியாது. ஆமை தன் உடம்பால் மண்ணை அமுக்கி, சுற்றிலும் மணலை வாரியடித்து மறைத்துவிடுகிறது. அண்ணன் கம்பை இங்கே அங்கே மெல்ல அழுத்தினார். இறுகல், இறுகல், இறுகல்; ஓரிடத்தில் கம்பு லேசாக உள்ளே இறங்கியது. உடனே கம்பை எடுத்துவிட்டு மண்டியிட்டுக் கையால் தோண்ட ஆரம்பித்தார். முழங்கை வரை போனதும் நிறுத்தி, என் அண்ணன் மகளைக் கூப்பிட்டு, "கையை வுட்டுப் பாரு பாப்பா" என்றார். அவள் விட்டாள். அப்புறம் என்னையும் விடச் சொன்னாள்.

மேலே மணல் குளிர்ந்திருந்தது, உள்ளே வெதுவெதுப்பு. கழுத்துக் குறுகி அடி அகன்ற குழி. விரல் நுனியில் முட்டைகள் தட்டுப்பட்டன. கோழி முட்டையின் ஓடு அல்ல, தோல். பிசுபிசுப்பு இன்னும் காயவில்லை. ஒன்றை எடுத்தபோது கட்டைவிரல் பட்ட இடம் குழிந்தது, வைத்ததும் மெல்லச் சமமாயிற்று. ஒவ்வொன்றாக, திருப்பாமல், எடுத்த நிலையிலேயே பையில் வைத்தார்கள். எண்ணியவர்கள் இரண்டு பேர், தனித்தனியாக. 118. இருவரும் ஒரே எண்ணைச் சொன்னதும் நான் மணியோடு எழுதிக்கொண்டேன், 3.20. பொரிப்பகத்தில் ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்துக்கு அதே வடிவத்தில் குழி தோண்டி மூடியபோது 4.35. இனி 45 நாளிலிருந்து 60 நாளுக்குள்.

விடிந்ததும் அண்ணனுக்குப் போன் வந்தது, தெற்கே செத்த ஆமை ஒன்று ஒதுங்கியிருக்கிறது என்று. தூங்கப் போகலாம் என்றிருந்தவர்களில் ஏழெட்டுப் பேர் கிளம்பினோம்.

நான் பார்த்த முதல் பங்குனி ஆமை இதுதான். இரண்டடி நீள ஓடு, ஆலிவ் பச்சை என்று புத்தகத்தில் சொல்கிறார்கள், இது வெயிலில் காய்ந்து சாம்பலாகிவிட்டிருந்தது. ஓட்டின் ஓரத்தில் கொட்டலசுகள், ஓடுள்ள சின்னக் கடலுயிர்கள், ஒட்டியிருந்தன. கண் இல்லை, காகம் முந்திக்கொண்டது. கழுத்து ஊதியிருந்தது. வால் குட்டை, ஆகவே பெண். ஆணுக்கு வால் ஓட்டைத் தாண்டி நீளும். துர்நாற்றத்தில் இரண்டு பேர் விலகி நின்றார்கள். மீதிப் பேர் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நாடாவை ஓட்டின் வளைவோடு ஒட்டிப் பிடித்து நீளம், அகலம் அளந்தார்கள். காயம் உண்டா, வலைக் கயிறு உண்டா என்று பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. கால்நடை மருத்துவர் வந்து பார்த்தபின், அடுத்த ரோந்துக்காரர்கள் மறுபடி கணக்கில் ஏற்றிவிடாமல் இருக்க ஓட்டில் பெயின்டால் ஒரு கோடு. பிறகு ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். போன வருஷம் ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியதைச் செய்தியில் படித்து, அடுத்த செய்திக்குப் போய்விட்டிருக்கிறேன். ஒன்றை அளந்து புதைக்க இரண்டு மணி நேரம் ஆகிறது.

புதைக்கும் முன் மருத்துவர் வயிற்றைக் கிழித்தபோது உள்ளே முட்டைகள் இருந்தன. பிள்ளைகள் யாரும் காலைச் சாப்பாட்டுக்கு வரவில்லை. இட்லி அப்படியே ஆறிப் போயிற்று. பதினொரு மணிக்குப் பசித்து எல்லாவற்றையும் தீர்த்துவிட்டார்கள், அதுவும் நல்லதுதான்.

மதியம் தூக்கம். நாலு மணிக்குப் புல்வெளிப் பக்கம் வெளிமான் கூட்டம். முறுக்குக் கொம்போடு ஒரு கறுப்புக் கிடா, சுற்றிலும் பழுப்பு நிறப் பெட்டைகள். அவற்றோடு அதே புல்லை மேய்ந்துகொண்டு மட்டக்குதிரைகளும். குதிரைகள் பார்க்க அழகாக இருக்கின்றன. ஆனால் மானின் புல்லைத் தின்பதும், சீமைக் கருவேலங்காயைத் தின்று விதையைப் புல்வெளியெங்கும் போட்டுவைப்பதும் அவைதாம். வெளிமானுக்கு வெட்டவெளி வேண்டும், கருவேலம் அதை மூடிக்கொண்டு வருகிறது.

சாயங்காலம் குஞ்சு விடும் நிகழ்ச்சி. ஜனவரித் தொடக்கத்தில் எடுத்த முட்டைகள் பொரிந்திருந்தன. செய்தி எப்படிப் பரவுமோ, ஆறு மணிக்கு நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். கார்களில் வந்த குடும்பங்கள், ஒரு பள்ளிப் பிள்ளைகள், பூப்போட்ட சட்டையில் ஒரு நண்பர் குழு. அலை தொடும் இடத்துக்குச் சில அடி மேலே கூடையைச் சாய்த்தார்கள். நேரே தண்ணீரில் விடக்கூடாது, மணலில் தானே ஊர்ந்து போகவேண்டும். கறுத்த சின்ன உடம்பு, துடுப்புகள் மட்டும் உடம்புக்கு மீறிய நீளம். ஒன்று அலையை எட்டும், அலை அதைத் தூக்கி மூன்றடி பின்னால் போடும், மல்லாந்து விழும், புரண்டு மறுபடி கிளம்பும்.

பார்க்கவேண்டிய காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் போன் வெளிச்சங்கள் எரிய ஆரம்பித்ததும் நாலைந்து குஞ்சுகள் கடலை விட்டு எங்கள் பக்கம் திரும்பின. வெளிச்சமான அடிவானத்தைப் பார்த்துப் போவதுதான் அவற்றுக்குத் தெரிந்த வழி. அண்ணன் "லைட்டை அணைங்க சார், லைட்டை அணைங்க சார்" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். 'சார்'கள் அணைத்து அணைத்துப் போட்டார்கள். ஒருவர் ஒன்றை வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா என்று கேட்டார். "1972 சட்டத்துல முதல் பட்டியல் சார், புலிக்கு என்ன தண்டனையோ அதேதான்" என்றார் அண்ணன், அதே மரியாதைக் குரலில். கூட்டத்தைக் கூட்டாமலே விடியற்காலையில் விட்டுவிட்டால் என்ன என்று வனவரிடம் கேட்டேன். பள்ளிப் பிள்ளைகள் பார்க்கவேண்டாமா என்று திருப்பிக் கேட்டார். அந்தப் பள்ளிப் பிள்ளைகள்தாம் கொஞ்சமும் சத்தம் போடாமல் கைகட்டி நின்றவர்கள், அதனால் அவரை எதிர்த்துப் பேச முடியவில்லை. பெரியவர்களை மட்டும் சாவடியிலேயே நிறுத்தலாம் என்பது என் கட்சி.

ஆறரைக்குக் கார்கள் போய்விட்டன. அதற்கப்புறம்தான் வேலை. பொரிந்த கூட்டை முழுதாகத் தோண்டி, உள்ளே மிச்சமிருப்பதை எண்ணவேண்டும். கையுறை போட்டு வரிசையாகப் பிரித்து வைத்தார்கள்: காலியான ஓடு, கரு பிடிக்காத முட்டை, பாதியில் செத்தது. அழுகிய முட்டை ஒன்று ஒரு பையனின் கையிலேயே வெடித்தது. அவன் அன்று மூன்று முறை குளித்தான், மூன்று முறையும் உப்புத் தண்ணீரில். 104 முட்டையில் 91 ஓடு காலி. பதிவேட்டில் எழுதினேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு: முத்துப்பேட்டை வழியாக ஊருக்கு

திரும்பும் வழியில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் அரைநாள் வேலை. ஜாம்புவானோடையிலிருந்து படகு, கோரையாற்றில் ஏறினால் இரு கரையும் அலையாத்தி, போகப் போக ஆறு அகன்று உப்பங்கழியாகிறது. டெல்டாவில் பிரிந்து பிரிந்து போன காவிரித் தண்ணீரில் மிச்சம் மீதி கடலைச் சேரும் வழிகளில் இதுவும் ஒன்று.

ஒரு காலத்தில் மரத்தை வெட்டி வெட்டி, திறந்துபோன நிலம் வெயிலில் காய்ந்து தாழ்ந்து, தேங்கிய தண்ணீர் உப்பேறி, ஒன்றுமே முளைக்காத திட்டுகளாகக் கிடந்ததாம். அதற்குக் கண்ட வழி மீன்முள் வாய்க்கால். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். ஓதம் ஏறும்போது கடல்நீர் உள்ளே போய், வற்றும்போது உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே வரும். அந்தக் கரைகளில்தான் கன்று. மண் தூர்ந்தால் எல்லாம் நின்றுவிடும் என்பதால் வாய்க்கால் வாய்களில் சிக்கிய பிளாஸ்டிக்கையும் நைந்த வலைகளையும் அகற்றுவது எங்கள் பங்கு. சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களை மிதிக்காமல் நடக்கவேண்டும். பன்னிரண்டு மூட்டை சேர்ந்தது. அதில் செருப்புகள் மட்டும் ஒரு மூட்டை, எல்லாம் ஒற்றைச் செருப்பு.

அந்தக் கணக்கில் என்னுடையதும் ஒன்று சேர்ந்தது. முழங்கால் வரை இறங்கிய வலது காலை இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். கால் வந்தது, செருப்பு வரவில்லை. உயரமான பையன் தோள் வரை கையை விட்டுத் துழாவி, வேறு யாருடையதோ ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் ஒற்றைக்கால் சேறும் சகதியுமாகச் செருப்புக் கடை ஏறினேன். கடைக்கார பாய் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து, "மொதல்ல காலைக் கழுவுங்கம்மா, அளவு அப்பத்தான் தெரியும்" என்று ஸ்டூலையும் போட்டார். ரப்பர் செருப்பு 140 ரூபாய். எதிரே பிரியாணி 160, நன்றாகவே இருந்தது, ஆனால் வேதாரண்யத்து அம்மாவின் குழம்புக்கு அடுத்துத்தான்.

வேனில் வரவு செலவு பார்த்ததில் ஆளுக்கு 1,460 ரூபாய் வந்தது. துப்பட்டாவுக்கு எல்லோரும் பங்கு போட ஒப்புக்கொண்டார்கள். செருப்புக்கு ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. "அது நீங்க காட்டுக்குப் போட்ட குப்பை அத்தை, அதையும் ஒரு மூட்டையில நாங்கதான் பொறுக்கணும்" என்றான் அந்த உயரமான பையன்.